வைக்கோல் பெல்லட் பாக்கெட்: சிப்பிக் காளானுக்கு எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்

வீட்டில் சிப்பிக் காளான் வளர்க்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. இவ்வளவு நாளும் வெட்டிய வைக்கோலில்தான் படுக்கை போட்டேன். ஊறவைத்து, வேகவைத்து, வடித்து முடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். குளியலறை முழுக்கத் தூசும் தும்புமாகக் கிடக்கும். அதனால் வைக்கோலை அழுத்திப் பெல்லட்டாக விற்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒரே நிறுவனத்தின் இரண்டு வகையையும் வாங்கினேன். ஒன்று வெறும் வைக்கோல். இன்னொன்று தவிடு கலந்து ‘சத்து கூட்டியது’. நான்கு மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வெறும் பெல்லட் எனக்குப் பிடித்திருக்கிறது. பென்சில் கனத்தில் துண்டு துண்டாக இருக்கிறது. ஒரு கிலோவை வாளியில் கொட்டிக் கொதிநீரை ஊற்றியதும் சடசடவென்று மெல்லிய சத்தத்தோடு உடைந்து உப்ப ஆரம்பிக்கிறது. வாளியை மூடி வைத்துக் கால் மணி நேரம் கழித்துத் திறந்தால், காலளவு இருந்தது முக்கால் வாளிக்கு வந்திருக்கும். நனைந்த வைக்கோல் வாசம் ஆளைத் தூக்கும். வெட்டும் வேலை இல்லை, வடிக்கும் வேலை இல்லை. ஆறியதும் காளான் வித்தை (விதை மாதிரி) கலந்து பையில் நிரப்ப வேண்டியதுதான்.

ஆனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் தண்ணீர் அளவை நம்பாதீர்கள். கிலோவுக்கு 2 லிட்டர் என்று இருக்கிறது. அப்படியே செய்த முதல் பையில் அடியில் நீர் தேங்கி, பத்தாம் நாள் புளித்த வாடை வந்தது. காளான் படுக்கையில் ஈரம் 60 முதல் 65 சதவீதம் இருந்தால் போதும். பெல்லட்டில் ஏற்கெனவே உள்ள கொஞ்சம் ஈரத்தையும் சேர்த்தால் 2 லிட்டருக்கு 69 சதவீதம் வரை போய்விடுகிறது. 1.4 லிட்டர் ஊற்றினேன், சரியாக வந்தது. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும், ஒழுகக் கூடாது. வெட்டிய வைக்கோலில் தண்ணீர் கூடிப்போனால் தொங்கவிட்டு வடித்துவிடலாம். பெல்லட் ஊற்றியதை எல்லாம் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளும்.

அப்புறம் காற்று. பெல்லட் ஊறினால் தூளாகிவிடுகிறது, பைக்குள் களி மாதிரி அமுங்குகிறது. வித்திலிருந்து வெள்ளையாகப் பரவும் காளான் இழைக்கும் மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். வெறும் தூளாக நிரப்பிய பையில் மேல்பகுதியும் ஓரங்களும் வெளுத்துவிட்டன, நடுப்பகுதி மட்டும் பழுப்பாகவே நின்றது. பை முழுக்கப் பரவ 22 நாள் ஆனது. அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கு வெட்டிய வைக்கோலை, 3 முதல் 5 சென்டிமீட்டர் துண்டுகளாக, வேகவைத்துக் கலந்தேன். 16 நாளில் பை முழுக்க வெள்ளை. அந்தப் பையில் ஒரு கிலோ உலர் எடைக்கு முதல் அறுவடையில் 520 கிராம், இரண்டாவதில் 230 கிராம் கிடைத்தது. பெல்லட் இல்லாமல் வெட்டிய வைக்கோலில் எனக்கு வழக்கமாக 850 கிராம் வரை வரும். மிச்சமான உழைப்பைப் பார்த்தால் இந்தக் குறைவு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இனி அந்தத் தவிடு கலந்த பாக்கெட். இதைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கோபம். மூன்று பை போட்டேன், மூன்றும் வீண். ஆறாம் நாள் ஒரு பையின் ஓரத்தில் நகமளவு வெள்ளைத் திட்டு தெரிந்தது. காளான் இழை என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை அதன் நடு பச்சையாகிவிட்டது, மாவு தூவிய மாதிரி. டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூசணம். பையைத் திறக்காமல் அப்படியே வெளியே கொண்டுபோய்ப் போட்டேன். திறந்தால் அந்தத் தூள் பறந்து மற்ற பைகளுக்கும் போய்விடும்.

காரணம் தெளிவானது. வைக்கோலில் பெரும்பகுதி செல்லுலோஸும் லிக்னினும்தான். லிக்னினை உடைத்துத் தின்னத் தெரிந்த பூசணங்கள் குறைவு, சிப்பிக் காளான் அதில் ஒன்று. அதனால் வெந்நீரில் பாதி சுத்தம் செய்தாலே அது முந்திக்கொள்ளும். தவிட்டைச் சேர்த்ததும் நைட்ரஜன் கூடுகிறது, கண்ட கண்ட பூசணத்துக்கும் பந்தி விரித்த மாதிரி ஆகிவிடுகிறது. தவிடு போட்டால் 121 டிகிரியில், 15 பிஎஸ்ஐ நீராவி அழுத்தத்தில் முழுதாகக் கிருமி நீக்க வேண்டும். பாக்கெட்டிலோ ‘வெந்நீர் ஊற்றி ஆற விடவும்’ என்று மட்டும் இருக்கிறது. எழுதிக் கேட்டேன், கையைச் சுத்தமாகக் கழுவுங்கள் என்று பதில் வந்தது. புதிதாகத் தொடங்குபவர் தன் மேல்தான் தப்பு என்று நினைத்து இதோடு விட்டுவிடுவார். அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று, பாக்கெட்டின் முகப்பில் மொட்டுக் காளான் படம். அதைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். மொட்டுக் காளானுக்கு மக்க வைத்த உரமும் அதன் மேல் மண் மூடாக்கும் வேண்டும், இதில் வராது. பால் காளான் வைக்கோலில் வரும், ஆனால் அதற்கும் மேல்மண் போட வேண்டும்.

காபித்தூள் சக்கையையும் கொஞ்சம் கலந்து பார்த்தேன். வடித்த அன்றே போட்டால் நல்லது, இரண்டு நாள் வைத்திருந்தால் அதற்குள் வேறு பூசணம் ஏறிவிடும்.

வெறும் பெல்லட்டுக்கு 5க்கு 4 கொடுப்பேன். தண்ணீர் அளவைத் திருத்தி அச்சடித்தால் நாலரை. தவிட்டுப் பாக்கெட்டுக்கு 1. பிரஷர் குக்கரும் பொறுமையும் இருப்பவர்கள் வேண்டுமானால் வாங்கலாம், மற்றவர்கள் வேண்டாம். வாங்கிய பாக்கெட்டைப் பிரித்த பிறகு வாயை இறுக்கிக் கட்டி உலர்ந்த இடத்தில் வையுங்கள். என்னுடையது சன்னல் ஓரம் இருந்து சாரல் பட்டு, பாதி பாக்கெட்டே உப்பிப்போய்விட்டது.