பிரஷரை நம் கண் முன்னாலேயே இறக்கிக் காட்டுவார்கள், உஷார்!

கோலாலம்பூரில் பண்டிகைக் காலச் சந்தைகளில் ரத்தக் கொதிப்புக்கு மூலிகைப் பொடி விற்கும் ஒரு கூட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பச்சை டின், 180 வெள்ளி (ரிங்கிட்). "வாங்கவே வேணாம்மா, சும்மா டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் என் அம்மா அப்படித்தான் மாட்டினார். "இனி மாத்திரை எதுக்கும்மா, கிட்னிதான் போகும்" என்று விற்றவன் சொன்னதை நம்பி, கிளினிக்கில் கொடுத்த அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை எங்களிடம் சொல்லாமலேயே நிறுத்திவிட்டார். அடுத்த தவணைக்கு அரசு சுகாதார கிளினிக்குக்கு (கிளினிக் கெசிஹாத்தான்) போனபோது பிரஷர் 186க்கு 104. டாக்டர் அவரை வீட்டுக்கே அனுப்பவில்லை, மாலை வரை அங்கேயே வைத்துப் பார்த்தார்.

அந்த டெஸ்ட் எப்படித்தான் நடக்கிறது என்று பார்க்கவே மறுவாரம் அங்கே போய் நின்றேன். வெயிலில் நடந்து வந்த ஒரு பெரியவரை உட்காரவைத்த கையோடு, விற்பவன் சட்டைக்கு மேலேயே பிரஷர் மெஷின் பட்டையைச் சுற்றினான். கை பக்கவாட்டில் தொங்குகிறது. "எத்தனை பிள்ளைங்க ஐயா? எங்க வேலை செஞ்சீங்க?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினான். 168. அப்புறம் சின்னக் கப்பில் கஷாயம். ஃபேன் காற்றில் ஒரு கால் மணி நேரம் ஐயா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டாவது தடவை சட்டைக் கையைச் சுருட்டி, கையை மேசைமேல் தூக்கி வைத்து, "பேசாதீங்க ஐயா, மெஷின் தப்பா காட்டும்" என்றான். 141. சுற்றி நின்றவர்கள் கைதட்டாத குறைதான்.

பச்சைத் தண்ணீர் கொடுத்திருந்தாலும் இறங்கியிருக்கும். கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே தொங்கினால் அளவு ஏறும், பேசினால் ஏறும், நடந்து வந்தவுடன் எடுத்தாலும் ஏறும். அதனால்தான் ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றச் சொல்லி எடுக்க வேண்டும் என்கிறார்கள். முறை தெரியாதவன் இல்லை அவன். தெரிந்தே முதல் தடவை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்கிறான்.

ஆதாரம் கேட்டால் லேமினேட் செய்த ஓர் ஆங்கிலத் தாளை நீட்டுகிறான். படித்துப் பார்த்தேன், எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு. அதுவும் வேறு ஏதோ செடி. "சர்ப்பகந்தி மூலிகையிலேர்ந்துதானே வெள்ளைக்காரன் பிரஷர் மாத்திரை செஞ்சான்?" என்று அடுத்த கதை. அது உண்மைதான். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார், 1952இல் அந்தச் செடியின் வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரிக்கப்பட்டது. ஆனால் அது மில்லிகிராமுக்கும் குறைவாக அளந்து கொடுத்த மருந்து. அப்படியும் சிலருக்கு மனச்சோர்வில் கொண்டுபோய் விட்டது. இவன் ஸ்பூனால் அள்ளிக் கொடுப்பதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. எனக்கு நாட்டு மருந்து மேல் கோபம் இல்லை, வீட்டில் இன்றும் வல்லாரைத் துவையல் உண்டு.

டின்னின் பின்பக்கத்தைப் பார்த்ததும்தான் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாவதாகப் போட்டிருந்த சரக்கு அதிமதுரம்! தொண்டைக்கு நல்லது, சரி. தினமும் சாப்பிட்டால் அது உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்.

MAL என்ற எழுத்துகளில் தொடங்கும் மருந்துப் பதிவு எண்ணும் அச்சடித்திருந்தார்கள். சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவன இணையதளத்தில் தட்டிப் பார்த்தால் யாரோ ஒருவருடைய தைலம் வருகிறது. பதிவான மருந்துகளில் ஒட்டியிருக்க வேண்டிய ஃபார்மாடேக் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இல்லை. ரத்தக் கொதிப்பைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதே 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். இவர்கள் பேனரே கட்டியிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "உங்கம்மா பத்தியம் இருக்கலை" என்றான். ரசீதில் கம்பெனி பெயரோ முகவரியோ இல்லை, ஒரு கைப்பேசி எண் மட்டும். அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், ஆனால் யார் மேல் என்று எழுத ஒரு பெயர் வேண்டுமே. அவன் கடை போட இடம் கொடுத்தவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது அந்தப் பச்சை டின்னை வாங்கியிருந்தால் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மீதிப் பொடியோடு கிளினிக்குக்கு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். ரசீது இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.