தகரக் கொட்டிலில் ஈரம்: கிடுகா, நுரைத்தாளா, காற்றோட்டமா?

யாழ்ப்பாணத்தில் தகரக் கூரை போட்ட களஞ்சியக் கொட்டில் வைத்திருக்கிறவர்கள் கார்த்திகை மழைக்குத்தான் பயப்படுவார்கள். ஒழுக்கில்லாமல் மாரி கழிந்துவிட்டால் நிம்மதி. ஆனால் கூரை உள்ளிருந்து ஒழுகத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். தையில் வானம் வெளித்துவிடும். இரவில் தகரம் தன் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றை விடக் குளிர்ந்துபோகும். காற்று 25 பாகையில், ஈரப்பதன் 90 சதவீதமாக இருந்தால், தகரம் இரண்டு பாகை குளிர்ந்தாலே போதும், அடிப்பக்கம் வியர்த்துவிடும். விடியப்புறம், தகரத்தைத் தாங்கும் மரச்சட்டமான சிலாகையின் ஓரமாகத் துளிகள் வரிசையாகத் திரண்டு மூட்டையில் விழும். காலபோக நெல் வெட்டி உள்ளே வருவதும் அந்த நாட்களில்தான்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சீமெந்துத் தரையில் ஒரு பொலித்தீன் துண்டை விரித்து, நான்கு ஓரமும் ரேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் அதன் கீழே நனைந்திருந்தால் நிலத்து ஈரம். மேலே நனைந்திருந்தால் காற்றின் ஈரம். நிலத்து ஈரத்துக்குக் கூரையில் எவ்வளவு செலவழித்தும் பயனில்லை.

கூரைதான் காரணம் என்றால், கைக்கெட்டிய வழி தகரத்தின் மேல் கிடுகு வேய்வது. வெயிலுக்கென்று செய்வதுதான், ஆனால் தகரம் வானத்தைப் பார்க்காதபடி மறைப்பதால் இரவுக் குளிர்ச்சியையும் அது தடுக்கிறது. தகரத்துக்குக் கீழே கிடுகு கட்டுவது அப்படியல்ல. ஈரக்காற்று இடுக்குகளால் ஏறித் தகரத்தைத் தொட்டு அங்கேயே நீராகும். கிடுகு அதைக் குடித்துப் பூஞ்சணம் பிடிக்கும். மேலே வேய்வதிலும் தொல்லை உண்டு. நனைந்த ஓலை தகரத்தில் ஒட்டிக் கிடந்தால் துரு விரைவாகப் பிடிக்கும். வேலணை, வல்வெட்டித்துறைப் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஓலையை அடிக்கடி மாற்றவும் வேண்டும். எலி, கறையான், நெருப்புப் பயம் வேறு.

வெள்ளித்தாள் ஒட்டிய நுரைத்தாளைத் தகரத்துக்குக் கீழே விரிப்பதற்குக் காசு கூட. ஆனாலும் என் தெரிவு அதுதான். கொட்டிலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்த தகரத்தைத் தொடவே முடியாமல் போகிறது. எல்லாம் பொருத்தில்தான் இருக்கிறது: இரண்டு தாள்கள் சேரும் இடத்தை ரேப் போட்டு அடைக்காவிட்டால் தண்ணீர் பின்னால் மறைவாகச் சேர்ந்து சிலாகையை உக்கவைக்கும். வெறும் ரெஜிபோம் (பொதி கட்ட வரும் வெள்ளை நுரைப்பலகை) போட வேண்டாம், அது சட்டென்று தீப்பிடிக்கும்.

காற்றோட்டம் போதாதா என்று கேட்பார்கள். மாரியிலும் பனியிலும் இரவு இரண்டு மணிக்கு வெளிக்காற்றும் ஈரம்தான். அதை உள்ளே விட்டு எதையும் உலர்த்த முடியாது. நெல் இருக்கிற கொட்டிலை வெயில் ஏறிய பிறகு, பத்து மணியளவில் திறந்து, பின்னேரம் நான்கு மணிக்குள் மூடுவது நல்லது. வெங்காயத்துக்கு இது சரிவராது. பிடி கட்டித் தொங்கும் வெங்காயம் தானே ஈரம் விடும், அதற்கு எந்நேரமும் காற்று வேண்டும். இரண்டையும் ஒரே கொட்டிலில் வைத்தால் ஒன்றுக்குச் செய்வது மற்றதைக் கெடுக்கும்.

ஈரம் இழுக்க வைக்கும் சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ ஏறத்தாழ 300 கிராம் தண்ணீரைத்தான் எடுக்கும். இடுக்குள்ள கொட்டிலில் அது வீண். இறுக மூடிய பீப்பாவில், விதையோடு படாமல், தனிப் பாத்திரத்தில் வைத்தால் பிரயோசனம். ஈரம் இழுக்கும் மின்கருவியும் அடைப்பான அறைக்கு மட்டுமே.

எந்தக் கூரையானாலும் நெல்லின் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது மூட்டை கட்டக்கூடாது. மூட்டையைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி அடுக்குங்கள். புதிதாகக் கொட்டில் போடுகிறவர் தகரம் அறைவதற்கு முன்பே நுரைத்தாளை விரித்துவிடலாம். பிறகென்றால் தகரத்தைக் கழற்ற வேண்டும், அல்லது கீழே நின்று அண்ணாந்தபடி ஒவ்வொரு சிலாகை இடைவெளிக்கும் வெட்டி ஒட்ட வேண்டும்.