ரோமரா, கலாத்தியரா: எதை முதலில் வாசிப்பது?

புரொட்டஸ்டன்ட் விசுவாசத்தின் வேரைத் தேடுகிறவர்கள் புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய இந்த இரண்டு நிருபங்களுக்கு (கடிதங்களுக்கு) நடுவில்தான் தயங்குகிறார்கள்.

நீளம்: ரோமர் 16 அதிகாரம். கலாத்தியர் 6, ஒரே மூச்சில் வாசித்துவிடலாம்.

நடை: ரோமரில் வாதம் படிப்படியாக ஏறும், 9 முதல் 11 வரையான அதிகாரங்களுக்கு நிதானம் வேண்டும். கலாத்தியரில் பவுல் கொதிக்கிறார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு (யூதரல்லாதவரோடு) சாப்பிடாமல் விலகிய, இயேசுவின் சீடரான பேதுருவையே முகமுகமாய் எதிர்க்கிறார். விசுவாசத்தினால் நீதிமானாவது, அதாவது நியாயப்பிரமாணக் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் தேவனுக்கு முன் நீதிமானாக எண்ணப்படுவது என்பது, பந்தியில் யாரோடு உட்காருகிறோம் என்பதுவரை வருகிற விஷயம் என்று அங்கேதான் உறைக்கும்.

தாக்கம்: கலாத்தியரை, புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் தன் மனைவி கத்தரீனாவுக்கே ஒப்பிட்டு நேசித்தார். ரோமருக்கு அவர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டதைக் கேட்டுத்தான் 1738-இல் லண்டனில், மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லியின் உள்ளம் அனல்கொண்டது.

உபதேசம் முழுவதையும் ஒழுங்காகக் கற்க ரோமர். முதல்முறை வாசிப்பவருக்குத் தயங்காமல் கலாத்தியரைச் சொல்வேன்.