டிஃப்-கவர்: கவரேஜ் சரியாமல் பிடித்து நிறுத்த ஒரு சின்னக் கருவி

பழைய ப்ராஜெக்டில் டெஸ்ட் கவரேஜ், அதாவது மொத்தக் கோடில் டெஸ்ட்கள் ஓட்டிப் பார்க்கிற வரிகளின் சதவீதம், ஒரே நாளில் விழாது. இன்று கொஞ்சம், அடுத்த ரிலீஸில் கொஞ்சம் என்று கரைந்துகொண்டே போகும், ஒருநாள் யாராவது ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தால்தான் இவ்வளவு இறங்கிவிட்டதா என்று தெரியவரும். இதைத் தடுக்க எங்கள் டீமில் இப்போது ஓடுவது டிஃப்-கவர். நன்றாக வேலை செய்கிறது, ஆனால் சில ஓட்டைகளும் உண்டு, இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

பைதான் ஆட்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, கவரேஜை அளக்கிற கவரேஜ்.பை கருவியின் செட்டிங்கில் ஃபெயில்-அண்டர் 70 (70%-க்குக் கீழே போனால் பில்ட் ஃபெயில்) என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50,000 வரி கோட், அதில் 35,000 வரியை டெஸ்ட் தொடுகிறது, சரியாக 70%. புதிதாக 20 வரி எழுதி ஒரு டெஸ்ட்கூட இல்லாமல் அனுப்பினால் 69.97% ஆகும். ப்ரிசிஷன் (எத்தனை தசம இடம்) என்ற செட்டிங்கை நீங்கள் மாற்றாவிட்டால் கவரேஜ்.பை அதை முழு எண்ணாக்கி 70 என்றே எடுத்துக்கொள்ளும், பில்ட் பச்சை, அதாவது பாஸ். இந்தக் கணக்கில் 350 வரி டெஸ்டே இல்லாமல் உள்ளே வந்தாலும் பச்சைதான்! தலைகீழாகவும் நடக்கும்: 100 வரி உள்ள ஒரு மாட்யூலில் 90 வரிக்கு டெஸ்ட் இருக்கிறது, எல்லையும் 90 என்று வைத்திருக்கிறோம், அதில் டெஸ்ட் உள்ள 20 டூப்ளிகேட் வரிகளை ஒருவர் பொறுப்பாக நீக்குகிறார், 80-க்கு 70, அதாவது 87.5%. நல்ல வேலை செய்தவருக்குச் சிவப்பு விழுகிறது. மொத்த சதவீதத்தை மட்டும் காவலுக்கு வைத்தால் இப்படித்தான் ஆகும்.

டிஃப்-கவர் கேட்கிற கேள்வியே வேறு. இந்தப் புல் ரிக்வெஸ்டில் (மெயின் கோடில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் மாற்றத்தில்) மாறிய வரிகளில் எத்தனை வரியை டெஸ்ட் ஓட்டியிருக்கிறது, அவ்வளவுதான். முதலில் எடெக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் உருவான ஓப்பன் சோர்ஸ் கருவி, பிப் மூலம் இன்ஸ்டால் செய்யலாம், கணக்கு, டோக்கன், மாதச் சந்தா எதுவும் கிடையாது. நீங்கள் ஏற்கெனவே எடுக்கிற கவரேஜ் எக்ஸ்எம்எல் கோப்பையும் கிட் டிஃபையும் (எந்த வரிகள் மாறின என்ற பட்டியல்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. கோபர்டுரா, க்ளோவர், ஜக்கோகோ வடிவங்களைப் படிக்கும் என்பதால் பைதானில் எழுதிய கருவியாக இருந்தாலும் ஜாவா ப்ராஜெக்டுக்கும் ஓடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் ரிப்போர்ட். கோப்பின் பெயர், பக்கத்தில் சதவீதம், அப்புறம் விடுபட்ட வரி எண்கள், உதாரணமாக 41-44. கடைசியில் மொத்தம் இத்தனை வரி, விடுபட்டது இத்தனை. எழுதியவர் அந்த நாலு வரியைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் அது ஒரு எர்ரர் ஹேண்ட்லிங் பகுதியாக இருக்கும், அல்லது காலி லிஸ்ட் வந்தால் என்ன செய்வது என்கிற இஃப் ஆக இருக்கும். கோட் எழுதிய சூடு ஆறுவதற்குள் கேட்பதால் டெஸ்ட் எழுதக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. ஆறு மாதம் கழித்து இன்னொருவர் தலையில் கட்டினால் அதே டெஸ்டுக்கு அரை நாள் போகும். ரிவ்யூவில் 'டெஸ்ட் எங்கே' என்று மனுஷன் கேட்டு மனஸ்தாபம் வளர்வதும் குறைந்திருக்கிறது.

ஃபெயில்-அண்டரை இங்கே எவ்வளவு வைப்பது? 80 போதும் என்பது என் கருத்து. 100 வைத்தால் ஆட்கள் 'ப்ராக்மா நோ கவர்' என்று கமெண்ட் போட்டு வரியைக் கணக்கிலிருந்தே மறைக்க ஆரம்பிப்பார்கள், அது கவரேஜ் குறைவதைவிட மோசம். 80-லும் ஒரு தொல்லை உண்டு: அவசர ஃபிக்ஸில் இரண்டே வரி மாறி அதில் ஒன்று விடுபட்டால் 50%, பில்ட் சிவப்பு. அதற்கு அட்மின் ஒருவர் பார்த்து மெர்ஜ் செய்ய வழி வைத்துக்கொள்ளுங்கள். கோடை ஒரே சீராக அடுக்குகிற ஃபார்மேட்டர் ஓட்டிப் பழைய கோட் முழுவதும் வரி மடங்கியிருந்தால் அதையும் மாற்றமாகவே எண்ணும். இக்னோர்-வைட்ஸ்பேஸ் என்ற ஆப்ஷன் இன்டென்ட் மாற்றத்துக்கு உதவும், வரி உடைந்ததற்கு உதவாது.

இனி ஓட்டைகள். ஒன்று பெரியது. ஒருவர் ஒரு டெஸ்டை நீக்கினால், அல்லது ஸ்கிப் போட்டு வைத்தால், சோர்ஸ் கோடில் எந்த வரியும் மாறவில்லை, ஆகவே டிஃப்-கவர் வாயே திறக்காது. இதற்காகத்தான் பழைய மொத்த சதவீதக் காவலையும் எடுக்காமல் வைத்திருக்கிறோம், ப்ரிசிஷனை 2 ஆக்கி, சதவீதம் ஏறும்போதெல்லாம் எல்லையையும் ஏற்றி. ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவியான ஜெஸ்ட் பயன்படுத்துபவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது, கவரேஜ்-த்ரெஷோல்டில் மைனஸ் எண் கொடுத்தால் 'விடுபட்டவை இத்தனைக்கு மேல் போகக் கூடாது' என்று எண்ணிக்கையாகவே கட்டுப்படுத்தலாம், மேலே சொன்ன டூப்ளிகேட் நீக்கும் சிக்கல் அதில் வராது.

இரண்டாவது, எக்ஸ்எம்எல்லில் உள்ள கோப்புப் பாதையும் கிட் பார்க்கிற பாதையும் ஒத்துப்போகாவிட்டால், டாக்கருக்குள் (கோப்புப் பாதைகள் வேறாக இருக்கக்கூடிய தனிச் சூழல்) டெஸ்ட் ஓட்டுகிறவர்களுக்கு இது சகஜம், 'இந்த டிஃபில் கவரேஜ் தகவல் உள்ள வரிகள் இல்லை' என்று சொல்லிவிட்டுப் பாஸ் ஆகிவிடும். சிவப்பு வந்தால் கவனிப்போம், பச்சையை யார் கவனிப்பார்கள்? மாட்டிய முதல் நாளே வேண்டுமென்றே டெஸ்ட் இல்லாத ஒரு ஃபங்ஷன் எழுதி அனுப்பி, அது சிவப்பாகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஜக்கோகோவுக்கு சோர்ஸ்-ரூட்ஸ் (சோர்ஸ் கோட் இருக்கிற ஃபோல்டர்) கொடுக்க மறக்காதீர்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் செக்அவுட் (கோடை இறக்கும் படி) இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் எடுக்கும், ஒப்பிட மெயின் பிராஞ்ச் இருக்காது, ஃபெட்ச்-டெப்த் 0 வைத்தால் சரியாகிவிடும்.

கவரேஜ் ரிப்போர்ட்டை வாங்கிக் காட்டுகிற வெளிச் சேவையான கோட்கவ் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். அதிலும் பேட்ச் (மாறிய வரிகளுக்கு), ப்ராஜெக்ட் (மொத்தக் கோடுக்கு) என இரண்டு செக்கும் இருக்கின்றன, கிராஃப், புல் ரிக்வெஸ்டிலேயே கமெண்ட், பல ரெப்போவை ஒரே இடத்தில் பார்ப்பது எல்லாம் உண்டு. பெரிய டீமுக்கு அது வசதிதான். ஆனால் 2021 ஜனவரி கடைசியிலிருந்து அவர்களுடைய பாஷ் அப்லோடரில் (ரிப்போர்ட்டை அவர்களுக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட்) யாரோ கை வைத்து, சிஐ-யில் (பில்டையும் டெஸ்டையும் தானாக ஓட்டும் இடம்) இருந்த ரகசியச் சாவிகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது ஏப்ரலில்தான் வெளியே வந்தது. அதற்கப்புறம் அப்லோடரை மாற்றிவிட்டார்கள், இருந்தாலும் மாறிய வரிக்கு டெஸ்ட் இருக்கிறதா என்ற ஒரே கேள்விக்காக நம் பில்டுக்குள் வெளி ஆளை விட வேண்டுமா என்று யோசிக்கத்தான் தோன்றுகிறது. டிஃப்-கவர் எதையும் வெளியே அனுப்பாது, லேப்டாப்பில் புஷ் செய்வதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கலாம்.

அசெர்ட் (விடை சரியா என்று பார்க்கும் வரி) இல்லாத வெற்று டெஸ்டை இது பிடிக்காது, வரி ஓடினால் போதும் அதற்கு. முக்கியமான மாட்யூலுக்கு மட்டும் மியூட்மட் மாதிரி ம்யூட்டேஷன் டெஸ்டிங் (கோடை வேண்டுமென்றே கெடுத்து, டெஸ்ட் பிடிக்கிறதா என்று பார்ப்பது) தனியாக ஓட்டிக்கொள்ளுங்கள். கவரேஜ் 30, 40 சதவீதத்தில் கிடக்கிற பழைய ரெப்போ வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: பழையதற்கெல்லாம் டெஸ்ட் எழுதுகிறோம் என்று கிளம்பாமல், இந்த வாரமே டிஃப்-கவரை மாட்டிவிட்டு வழக்கமான வேலையைத் தொடருங்கள், அடிக்கடி கை படுகிற கோப்புகளுக்கு டெஸ்ட் தானாகச் சேர்ந்துவிடும்.