‘சீப்’ ரூமா, ‘பட்ஜெட்’ ரூமா?

ஏற்காட்டில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் மூன்று அறைகளை வாடகைக்கு விடலாம் என்று முடிவான பிறகு, போர்டு எழுதக் கொடுக்க சேலத்துக்கு இறங்கினேன். என்ன எழுதணும் என்று எழுதுகிறவர் என்னிடம் கேட்கக்கூட இல்லை. “‘சீப் அண்ட் பெஸ்ட்’னு போட்டுடலாங்களா அண்ணா? எல்லாருக்கும் புரியுமுங்க” என்றார். சரி என்றேன். ஒரே சீசனில் அந்த போர்டை மாற்ற வேண்டி வந்தது. குறைந்த வாடகையைச் சொல்ல ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள் இருக்கும்போது, எதை எழுதுவது என்று அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன்.

சிலவற்றைச் சீக்கிரமே தள்ளிவிடலாம். ‘இன்எக்ஸ்பென்சிவ்’ எழுத்தில் கண்ணியமான சொல்தான், ஆனால் பேச்சில் அதை யார் சொல்கிறார்கள்? ‘எகனாமிக்கல்’ என்றால் செலவு பிடிக்காதது, வீணாக்காதது. லிட்டருக்கு நல்ல மைலேஜ் தருகிற வண்டிக்குப் பொருந்தும், படுத்து எழுகிற அறைக்கு ஒட்டாது.

‘ரீசனபிள்’ கொஞ்சம் யோசிக்க வைத்தது. நம் ‘நியாயமான விலை’க்கு நேரான சொல். சிக்கல் என்னவென்றால், அது பேரத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறது. யாருக்கு நியாயம் என்று அடுத்த கேள்வி வந்துவிடும். போனில் விசாரிப்பவர்களிடம் “ரேட் ரீசனபிள்தாங்க” என்று இன்றும் சொல்கிறேன். வாய்ப்பேச்சில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

‘அஃபோர்டபிள்’ நம் ‘கட்டுப்படியாகும்’தான். ஆனால் வருகிறவருக்குக் கட்டுப்படியாகுமா என்பதை அவர்தானே சொல்ல வேண்டும்? அதோடு, பெயிண்டர் அதை ஒரு எஃப் போட்டு எழுதி வைத்திருந்தார்.

இனி ‘சீப்’. இந்தச் சொல் ஒரு காலத்தில் கௌரவமாக வாழ்ந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வியாபாரம், பேரம், சந்தை என்று பொருள். லண்டனில் சீப்சைடு என்று ஒரு தெரு இருக்கிறது. மலிவான தெரு என்று அர்த்தம் இல்லை, அந்தக் காலத்துச் சந்தைத் தெரு. செவ்வாய்பேட்டை லீ பஜாரில் உள்ள ‘பஜார்’ மாதிரி. ‘குட் சீப்’ என்றால் நல்ல பேரம். நாளாவட்டத்தில் ‘குட்’ உதிர்ந்து, ‘சீப்’ மட்டும் நின்று, விலை குறைவு என்றாகி, அதிலிருந்து தரமும் குறைவு என்று ஆகிவிட்டது. ஆளைச் சொன்னால் இன்னும் மோசம். அமெரிக்காவில் ‘சீப்’ ஆள் என்றால் கஞ்சன். நம் ஊரில் “சீப்பா நடந்துக்கிட்டான்” என்றால் கஞ்சத்தனத்தை விடக் கீழான ஏதோ ஒன்று.

ஆங்கிலத்தில் கவனமாக எழுதுகிறவர்கள் ‘சீப் பிரைஸ்’ என்று எழுத மாட்டார்கள். பொருள்தான் சீப், விலை ‘லோ’ என்பது அவர்கள் கணக்கு. நமக்கு அது உறைக்காது, ‘விலை மலிவு’ என்று சொல்லியே பழகிவிட்டோம்.

வாங்குகிறவர் வாயில் ‘சீப்’ ஒரு பெருமை. நானே ஒரு பெட்டி சேலம் குண்டு மாம்பழம் வாங்கி வந்து, “சீப்பா அமைஞ்சுது” என்று வீட்டில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். சல்லிசாகக் கிடைத்தது என்பதும் அதே தொனிதான். விற்கிறவர் தன் சரக்கைப் பார்த்து அதைச் சொல்லும்போதுதான் இடறுகிறது. ‘பெஸ்ட்’டைக் கூடச் சேர்த்துக்கொண்டால் அந்தக் கறை போகும் என்று நம் கடைக்காரர்கள் நினைத்திருக்க வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் ‘சீப் அண்ட் சியர்ஃபுல்’ என்று செல்லமாகச் சொல்வார்கள், ‘சீப் அண்ட் நாஸ்டி’ என்று முகம் சுளிக்கவும் செய்வார்கள். சீப்பையும் பெஸ்ட்டையும் ஒரே மூச்சில் சொல்கிற துணிச்சல் நமக்குத்தான்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது ஒரே விஷயம். போர்டில் எழுதிய சொல்லை வருஷம் முழுக்கக் காப்பாற்ற வேண்டும். ஜூலை மழையில் ஆயிரம் ரூபாய்க்கு விடுகிற அறையை, மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது இரண்டாயிரத்துக்கு விடுகிறோம். அந்த மே மாதம் ஈரோட்டுக்காரர் ஒருவர், ஏறி வந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளின் கடுப்போடு, “போர்டுல சீப்னு போட்டுட்டு ரெண்டாயிரம் கேக்கறீங்களே?” என்றார். எனக்குப் பதில் இல்லை. பக்கத்து விடுதிகளை விடக் குறைவுதான் என்று விளக்க வேண்டியிருந்தது. ‘சீப்’ ஒரு தொகையை வாக்குக் கொடுத்துவிடுகிறது, தொகை ஏறினால் வாக்குத் தவறியவன் ஆகிவிடுகிறோம்.

அதை விட வலித்தது வேறு. ஹீட்டர் மெதுவாகச் சூடான ஒரு காலையில், கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் தன் மனைவியிடம், “சீப் ரூம்தானே, இப்படித்தான் இருக்கும்” என்றார். புகார் சொல்லியிருந்தால் சரிசெய்திருப்பேன். அவர் புகார்கூடச் சொல்லவில்லை. ஒழுகுகிற குழாய், கிறீச்சிடுகிற கட்டில், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லே காரணம் சொல்லிவிடுகிறது. அன்றே பெயிண்டருக்குப் போன் போட்டேன்.

இப்போது இருப்பது ‘பட்ஜெட் ரூம்ஸ்’. பட்ஜெட் என்பது பழைய பிரெஞ்சில் சின்னத் தோல்பை, நம் சுருக்குப்பைக்கு அக்கா தங்கை முறை. அந்த வாசனை இன்னும் சொல்லில் இருக்கிறது. அது அறையை எடை போடுவதில்லை, வருகிறவரின் பையைத்தான் பேசுகிறது. “பட்ஜெட்டுக்குள்ள வரும்” என்று யாரும் வெட்கப்படாமல் சொல்கிறார்கள். மே மாதம் வாடகை ஏறினாலும் சொல் பொய்யாவதில்லை, எல்லார் பட்ஜெட்டும் சீசனுக்குச் சீசன் மாறுவதுதானே. ஹீட்டர் மக்கர் செய்தால், “அண்ணா, சுடுதண்ணி வரலை” என்று கதவைத் தட்டிச் சொல்கிறார்கள்.

இதெல்லாம் சேலம், ஈரோடு, பெங்களூருக்காரர்களை வைத்துச் சொல்வது. ஆங்கிலமே தாய்மொழியானவர்கள் இதுவரை ஒரே ஒரு ஜோடிதான் தங்கியிருக்கிறார்கள். அந்தப் பெண் போர்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, குளியலறை பொதுவா என்று. அவர் ஊரில் அந்தச் சொல் அப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது. அதற்காக போர்டின் அடியில் சின்ன எழுத்தில் ‘அட்டாச்டு பாத்’ சேர்க்கச் சொன்னேன். பெயிண்டர் அதற்குத் தனிக் கூலி வாங்கிக்கொண்டார்.