பட்டாம்பூச்சிக்கு எதை வைப்பது: கறிவேப்பிலையா, கருடக்கொடியா, எருக்கா?

நர்சரியில் பட்டாம்பூச்சிச் செடி கேட்டால் பெரும்பாலும் உண்ணிச்செடியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதில் தேன் உண்டு. ஆனால் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்ட செடி அது. தேன் குடிக்க வரும் பட்டாம்பூச்சி முட்டையிட வேறிடம் தேடித்தான் போக வேண்டும். புழுவுக்கு வேண்டியது இலை, அதுவும் அந்தந்த இனத்துக்கு உரிய இலை.

மாடியில்தான் இடம் என்றால் கறிவேப்பிலையே முதல் தேர்வு. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகளும் அதன் இளந்தளிரில் கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் முட்டைகளைத் தனித்தனியே இடும். புழு முதலில் பறவை எச்சம்போல இருக்கும், கடைசியாகத் தோலுரித்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைக்கொம்பு நீட்டி நாற்றம் விடுமே தவிர, கடிக்காது. நான்கைந்து புழுக்கள் சேர்ந்தால் இரண்டடிச் செடி மொட்டைதான். அதனால் இரண்டு தொட்டி வையுங்கள். சமையலுக்கான செடியில் புழுவைக் கண்டால் இலையோடு கிள்ளி அடுத்ததில் விடுங்கள். அங்கே வேப்பெண்ணெய்கூடத் தெளிக்க வேண்டாம். நர்சரிக் கன்றில் பூச்சிமருந்து ஊறியிருக்கலாம் என்பதால் விதையே நல்லது. பழுத்த பழத்தின் சதையை நீக்கி, காயவிடாமல் உடனே ஊன்றுங்கள். காய்ந்த விதை முளைக்காது.

கருடக்கொடிக்கு வேலியோ கம்பிவலையோ வேண்டும். ரோஜா அழகி, சிவப்புடல் அழகி என்ற பட்டாம்பூச்சிகள் இரண்டின் புழுக்களும் இந்தக் குடும்பத்துச் செடிகளை மட்டுமே தின்னும், கறிவேப்பிலையைத் தொடாது. இலையின் நஞ்சு பட்டாம்பூச்சி உடம்பிலும் தங்குவதால் பறவைகள் இவற்றை விட்டுவிடும். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில இந்த இரண்டின் வேடத்தைப் போட்டுத் தப்பிப்பதும் அதனால்தான். இரண்டு செடிகளையும் வைத்தவர் வீட்டில் அசலும் வேடமும் அருகருகே பறக்கும்! இளங்கொடியைப் புழுக்கள் தண்டுவரை தின்றுவிடும். தண்டு பென்சில் கனம் வரும்வரை கொசுவலை போட்டு மூடிவையுங்கள். இதைக் கஷாயம் வைத்துக் குடிக்கவே கூடாது, சிறுநீரகம் கெடும்.

எருக்குக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும். தொட்டியில் தேறாது, காலி மனை ஓரத்துக்குத்தான் சரி. வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிக்கு அது போதும். பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கையுறையில்லாமல் ஒடிக்காதீர்கள். நுனியில் சாறு உறிஞ்சும் மஞ்சள் அசுவினிப் பூச்சி அப்பினாலும் மருந்தடிக்க வேண்டாம். முட்டையும் புழுவும் இல்லாத கிளையாகப் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்சினால் உதிர்ந்துவிடும். மீதியைப் பொறிவண்டுகள் தின்னும்.