பழைய ஆட்டோ-5 துப்பாக்கியை டில்லியில் பழுது பார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

அப்பா, தாத்தா வழியில் வந்த பழைய செமி ஆட்டோமேட்டிக் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) துப்பாக்கியை வாரிசு உரிமத்தில் வைத்திருக்கும் நம்மவர்கள் டில்லியில் இருக்கிறார்கள். அதில் லேசான (ஈயம் குறைந்த) தோட்டா ஓடவில்லை, அதாவது காலித் தோட்டா வெளியே விழுந்து அடுத்தது ஏறவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டு பிரவுனிங் ஆட்டோ-5-ஐப் பழைய டில்லிப் பக்கம் உரிமம் பெற்ற ஒரு கடையில் கொடுத்தேன். 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, நன்றாக இருந்த ஸ்பிரிங்கை வெட்டி, ஒரு முக்கியமான பாகத்தைத் தொலைத்துவிட்டு, "இனிமேல் லைட், ஹெவி எல்லாம் ஓடும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது அதன் முன்கட்டை, அதாவது குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம், விரிசல் விட்டுக் கிடக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

துப்பாக்கி அப்பாவுடையது. வால்பாறையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது, பெல்ஜியத்தில் செய்தது. அவர் போட்டதெல்லாம் கனத்த தோட்டாதான். நான் துக்ளகாபாத் கர்னி சிங் ரேஞ்சில் களிமண் தட்டு (பறக்கும்போது சுடும் இலக்கு) சுடப் பழகுகிறேன். அங்கே சர்வதேசப் போட்டி விதிதான் கணக்கு: தோட்டாவில் ஈயம் 24.5 கிராமுக்கு மேல் போகக் கூடாது, அதனால் எல்லோரும் 24 கிராம் தோட்டாதான் போடுவார்கள். செமி ஆட்டோவுக்குத் தடை இல்லை. மேகசினில் (தோட்டாக்கள் காத்திருக்கும் குழாயில்) ஒரு தோட்டாவுக்கு மேல் போகாதபடி அடைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் துப்பாக்கியில் 24 கிராம் போட்டால் முதல் குண்டு சரியாக வெடிக்கும், காலித் தோட்டா வெளியே வராது. சில நேரம் பாதி வந்து, அது வெளியேறும் வாயில் குறுக்கே சிக்கி நிற்கும். இந்தக் குறையோடுதான் கடைக்குப் போனேன்.

அவர்கள் செய்த காரியம் எவ்வளவு மோசமானது என்று புரிய, இந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஜான் பிரவுனிங் 1900-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. சுட்டதும் குழலும், தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் போல்ட்டும் ஒன்றாகப் பூட்டியபடியே, ஒரு தோட்டாவின் நீளத்துக்கும் மேலாகப் பின்னால் போகும். அப்புறம் மேகசின் குழாயைச் சுற்றியிருக்கும் பெரிய ஸ்பிரிங் குழலை மட்டும் முன்னால் தள்ளும். போல்ட் பின்னாலேயே நிற்கும். அந்த இடைவெளியில்தான் காலித் தோட்டா வெளியே விழுகிறது. குழல் தன் இடத்துக்குப் போனதும், தோள்கட்டைக்குள் இருக்கும் இன்னொரு ஸ்பிரிங் போல்ட்டை முன்னே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும். ஆக, எல்லாமே தோட்டாவின் உதையை நம்பித்தான். உதை போதாவிட்டால் குழல் முழுத் தூரம் போகாது. உதை அதிகமானால் குழல் பின்னால் போய் ரிசீவரின் (போல்ட் இருக்கும் எஃகுக் கூட்டின்) உட்புறத்தில் மோதும்.

இதற்கு பிரவுனிங் வைத்த ஏற்பாடு மிக அழகானது. முன்கட்டையைக் கழற்றினால் அந்தப் பெரிய ஸ்பிரிங்கின் முன்முனையில் பிளவுபட்ட ஒரு வெண்கலத் துண்டு இருக்கும். மேகசின் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டு குழலுக்கு பிரேக் போடுவது அதுதான். அதோடு உட்புறம் சாய்வாகக் கடைந்த ஓர் எஃகு வளையமும் உண்டு. கனத்த தோட்டா போடுவதென்றால் அந்த வளையம் ஸ்பிரிங்குக்கும் வெண்கலத் துண்டுக்கும் நடுவில், சாய்வுப் பக்கம் வெண்கலத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அது வெண்கலத்தை நெருக்கும், பிரேக் பலமாகப் பிடிக்கும். லேசான தோட்டாவுக்கு அதே வளையத்தை எடுத்து ஸ்பிரிங்கின் பின்பக்கம், ரிசீவரை ஒட்டிப் போட்டுவிட வேண்டும். பிரேக் தளர்ந்துவிடும். புதுப் பாகம் எதுவும் வேண்டாம், தனிக் கருவியும் வேண்டாம். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, முன்கட்டையைப் பிடித்திருக்கும் முன்மூடியைத் திருகி எடுத்தால் ஐந்து நிமிட வேலை. கூடவே மேகசின் குழாயைத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் தடவ வேண்டும். காய்ந்துபோன குழாயில் லேசான தோட்டா ஓடாது.

எங்கள் துப்பாக்கியில் வளையம் கனத்த தோட்டாவுக்கான இடத்தில் இருந்தது. அவ்வளவுதான் குறை. தொழில் தெரிந்த எந்த மிஸ்திரிக்கும் முதலில் பார்க்கத் தோன்றுவது அந்த வளையத்தைத்தான்.

கடைக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "ஸ்பிரிங் செத்துப்போச்சு சாப், பெல்ஜியத்திலிருந்து புதுசு வரவழைக்கணும்" என்றார். திருப்பி வாங்கப் போனபோது மிஸ்திரி டம்மி (மருந்தில்லாத) தோட்டா போட்டு, போல்ட் கைப்பிடியைச் சர்ர் சர்ர் என்று இழுத்து, எல்லாம் பறந்து விழுவதைக் காட்டினார். இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். இந்த வகைத் துப்பாக்கியில் கையால் போல்ட்டை இழுத்தால் குழல் அசையவே அசையாது. பிரேக்கும் பெரிய ஸ்பிரிங்கும் அந்தச் சோதனையில் பங்கெடுப்பதே இல்லை. அப்படிக் காட்டுவதால் எதுவும் நிரூபணம் ஆகாது. வாடிக்கையாளர் கண்ணுக்கு மட்டும் நன்றாக இருக்கும். பழைய ஸ்பிரிங்கைக் கேட்டேன். "குப்பையில போட்டாச்சு" என்றார்கள். பில் என்று கொடுத்தது ஒரு துண்டுக் காகிதம்: "புது பெல்ஜியம் ஸ்பிரிங், சர்வீஸ்", கீழே தொகை. துப்பாக்கியின் எண் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. பக்கா பில்லை ஆடிட்டர் வந்ததும் அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்றுவரை வரவில்லை.

ரேஞ்சில் 24 கிராம் ஜோராக ஓடியது. காலித் தோட்டா வழக்கத்தைவிட ரொம்ப தூரம் போய் விழுந்தது. உதையும் முன்பைவிடச் சுருக்கென்று இருந்தது. பிறகு நகரத்துக்கு வெளியே ஒரு தனியார் ரேஞ்சில் 36 கிராம் போட்டுப் பார்த்தோம். இரண்டும் ஓடும் என்று சொல்லித்தானே காசு வாங்கினார்கள்? முதல் குண்டுக்கே உலோகத்தில் உலோகம் மோதும் சத்தம் கேட்டது, தோளில் இரட்டை அடி. இன்னும் ஒன்று சுட்டதும் நிறுத்திவிட்டோம். முன்கட்டையின் இடது பக்கம், கட்டை மெலிந்து வரும் இடத்தில், முடியிழை போல ஒரு கோடு. விரலால் அழுத்தினால் திறந்து மூடியது. அப்பா வருஷத்துக்கு ஒரு முறை ஆளி விதை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்த வால்நட் கட்டை அது. அதைப் பார்த்து வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆர்.கே.புரத்தில் வேலூர்ப் பக்கத்து ஐயா ஒருவர் இருக்கிறார். ராணுவத்தில் ஆயுதப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் காட்டினேன். முன்மூடியைத் திருகி, குழலை உருவி, ஸ்பிரிங்கைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிட்டார்.

"தம்பி, இது புதுசு இல்ல. உங்க பழைய ஸ்பிரிங்கேதான். வெட்டியிருக்காங்க, பாருங்க."

ஒரு முனை ஆலையில் செய்தபடி மட்டமாக இருந்தது. மறுமுனையில் கம்பி கூராக நின்றது, கல்லில் தேய்த்த சூட்டில் நீலம் பாரித்து. அந்தக் கூர்முனை மேகசின் குழாயில் கோடு கோடாகக் கீறியும் வைத்திருந்தது.

"வளையம் எங்க?"

வளையம் இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அதாவது கனத்த தோட்டாவுக்கான பிரேக்கை அடியோடு எடுத்துவிட்டு, போதாததற்கு ஸ்பிரிங்கையும் குட்டையாக்கி, எந்த எதிர்ப்பும் இல்லாமல் குழல் பின்னால் பறக்கும்படி செய்திருக்கிறார்கள். 24 கிராம் பின்னே ஏன் ஓடாது? 36 கிராமில் அந்த வேகம் முழுவதும் ரிசீவரில் போய் இறங்குகிறது. ரிசீவரின் பின்புறத்தில் போல்ட் மோதும் இடத்தில் ஒரு நார்த்தகடு மெத்தை மாதிரி வைத்திருப்பார்கள். அது ஏற்கெனவே நசுங்கியிருந்தது. "இதோட இன்னும் ஒரு பெட்டி சுட்டிருந்தா கட்டையோட போயிருக்காது" என்றார் ஐயா. சரிசெய்து தர முடியுமா என்று கேட்டதற்கு, "பார்த்துச் சொல்லலாம் தம்பி. ரிப்பேர் பண்ண லைசென்ஸ் வேணும், எங்கிட்ட இல்ல" என்று கண்டிப்பாக மறுத்துவிட்டார். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது: துப்பாக்கி விற்க மட்டுமல்ல, பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். உரிமமே இல்லாத ஐயாவுக்கு இருக்கும் பொறுப்பு, சுவரில் உரிமத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் கடைக்கு இல்லை.

கடைக்குப் போய்க் கேட்டபோது முதலில் "பழைய கட்டை, வயசாகி வெடிச்சிருக்கு" என்றார்கள். ஸ்பிரிங்கின் வெட்டிய முனையைக் காட்டினேன். "அப்படித்தான் வந்தது" என்றார்கள். வளையத்தைக் கேட்டதற்கு "இந்த மாடல்ல வளையமே கிடையாது" என்று மிஸ்திரி முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஆட்டோ-5-இன் பாகப் படம் எல்லோர் கைபேசியிலும் கிடைக்கும் காலத்தில் இப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

இந்தக் கதை ஆட்டோ-5 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இல்லை. ரேஞ்சில் பழகும் ஒருவருக்கு வேறு விதமாக நடந்தது. அவருடையது வாயுவால் இயங்கும் வகை. குழலில் இருக்கும் சிறு துளை வழியே வெடிமருந்தின் வாயு கொஞ்சம் வந்து பிஸ்டனைத் தள்ளும். 1963-இல் வந்த ரெமிங்டன் 1100 போன்ற பழைய மாடல்களில் அந்தத் துளையின் அளவு குழலுக்குக் குழல் வேறு. மேக்னம் (மிகக் கனத்த) தோட்டாவுக்கான குழலில் துளை சிறியது, லேசான தோட்டா அதில் ஓடாமல் போவது இயல்பு. அவருக்குத் தேவைப்பட்டது வேறு குழல், அல்லது அதற்கு முன் கரி அடைத்த துளையையும் பிஸ்டனையும் சுத்தம் செய்து, ரப்பர் சீல் கிழிந்திருந்தால் மாற்றுவது. ஆனால் மிஸ்திரி டிரில் எடுத்துத் துளையைப் பெரிதாக்கிவிட்டார். லேசான தோட்டா ஓடியது. கனத்த தோட்டாவில் போல்ட் அசுர வேகத்தில் பின்னால் அடித்தது. ஸ்பிரிங்கையாவது மாற்றலாம், குழலில் போட்ட ஓட்டையை யார் அடைப்பது? இப்போது வரும் வாயு வகைகளில் மிச்ச வாயுவை வெளியே விடும் வால்வு இருக்கிறது, அதனால் லேசும் கனமும் தானாகவே ஓடும். அவற்றில் யாராவது டிரிலைத் தூக்கினால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பெனெல்லி போன்ற இனெர்ஷியா வகைகளில் வாயுத் துளையே கிடையாது. போல்ட்டுக்குள் இருக்கும் ஒரு கெட்டியான குட்டை ஸ்பிரிங்தான் எல்லாம். துப்பாக்கி பின்னால் உதைத்தால்தான் அது அமுங்கும். அதனால் டார்ச் லைட், கனத்த மேகசின் நீட்டிப்பு என்று எடையைக் கூட்டினாலோ, தோளில் தளர்வாகப் பிடித்தாலோ லேசான தோட்டா ஓடாது. புதுத் துப்பாக்கியில் முதலில் கொஞ்சம் கனத்த தோட்டா சுட்டு உள்பாகங்கள் பழகியபின் தானாகச் சரியாவதும் உண்டு. இதையெல்லாம் சொல்லாமல் 'ஸ்பிரிங் மாற்றணும்' என்று ஆரம்பிக்கும் கடையை நம்ப வேண்டாம்.

கொடுப்பதற்கு முன் துப்பாக்கியைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கின் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். என்னிடம் அப்பா காலத்துப் படம் ஒன்று தற்செயலாக இருந்தது, அதில் வளையம் தெளிவாகத் தெரிகிறது. இன்று என் புகாருக்கு அதுதான் பெரிய பலம். மாற்றிய பழைய பாகம் எதுவானாலும் கையில் வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பில்லில் துப்பாக்கியின் எண், மாற்றிய பாகத்தின் பெயர், வரி எண் மூன்றும் இருக்க வேண்டும். திருப்பி வாங்கும்போது, ஆட்டோ-5 ஆனால், காலி என்று உறுதிசெய்துகொண்டு, குழல்முனையை ஒரு மரப்பலகையில் ஊன்றி இரு கையாலும் நிதானமாக அழுத்திப் பாருங்கள். குழல் உள்ளே போக நல்ல எதிர்ப்பு தெரிய வேண்டும், விட்டதும் முழுக்க முன்னால் வர வேண்டும். எங்கள் துப்பாக்கி வெட்டிய ஸ்பிரிங்கோடு பொசுக்கென்று போய்விட்டது, திரும்பி வரும்போது கடைசியில் தயங்கியது.

இன்னொன்று, குழலில் பொறித்திருக்கும் அறை நீளத்தை, அதாவது தோட்டா உட்காரும் இடத்தின் நீளத்தைப் பாருங்கள். பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் அது 65 மி.மீ. இப்போது கடைகளில் பரவலாகக் கிடைப்பது 70 மி.மீ. தோட்டா. உள்ளே நுழைகிறது என்பதற்காகச் சுடக் கூடாது. வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும், காலித் தோட்டா வெளியேறும் வாயில் சிக்கவும் செய்யும். என் கடைக்காரர் இதையும் பார்க்கவில்லை. நல்லவேளை, எங்களுடையது 70.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன், கடையிலிருந்து பதில் இல்லை. அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், வக்கீல் கட்டாயம் இல்லை. டில்லி போலீஸின் உரிமப் பிரிவுக்கும், கணக்கில் வராத பில்லோடு வேலை நடக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறொரு உரிமம் பெற்ற கடை வழியாக ஸ்பிரிங்கும் வளையமும் வந்துவிட்டன, வளையம் பின்பக்கம் போட்டு, எண்ணெய் தடவி, 24 கிராம் ஒழுங்காக ஓடுகிறது. முன்கட்டை இன்னும் கிடைக்கவில்லை. அது வரும்வரை 36 கிராம் போடப் போவதில்லை. துண்டுக் காகிதத்தில் "புது பெல்ஜியம் ஸ்பிரிங்" என்று எழுதி வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால், அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முன்மூடியைத் திருகி ஸ்பிரிங்கின் இரண்டு முனையையும் பாருங்கள். வெட்டியிருந்தால் எனக்குத் தகவல் கொடுங்கள், ஆணையத்தில் சேர்ந்தே சொல்லலாம்.